தப்பு என்று காதில் விழுந்த சொல்

போன மாதம் நிவேதா என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வுபெறும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் என்னை மறக்காத ஒன்றிரண்டு பேரில் ஒருத்தி. மகள் பாரிசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜாம் பாட்டில் என் மேசைமேல் இருந்தது. அவள் தன் போனை எடுத்து அதன் லேபிளுக்கு நேராகப் பிடித்தாள். பிரெஞ்சு மறைந்து தமிழ் வந்து நின்றது. "அப்போ முப்பது வருஷமா நீங்க என்னதான் மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டாள். வாய்க்கொழுப்புதான். ஆனாலும் கேள்வியில் நியாயம் இருந்தது. அவளுக்கு அன்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் கடலூரில் பிறந்தவள். எங்கள் அப்பா மாதாகோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் பிரெஞ்சு படித்தேன். படித்து முடித்தபோது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, வீட்டுக்கும் தெரியவில்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஒரு அறை, இரண்டு மேசை, மூன்று அலமாரி அகராதி. பெரிய பெரிய யந்திரங்களோடு வரும் கையேடுகளில் ஜெர்மன் எல்லாம் வேறொரு செக்ஷனுக்குப் போகும். பிரெஞ்சு என் தலையில் விழும். முதல் வருஷம், மண் வெட்டும் சக்கரத்தைப் பற்றிய ஒரு குறிப்பில் 'கொதே' என்று ஒரு சொல் வந்தது. அகராதி 'சிறு குவளை' என்றது. "சக்கரத்தில் பன்னிரண்டு குவளைகள் பொருத்தப்பட்டுள்ளன" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆள் நின்று குளிக்கும் அளவுள்ள இரும்பு வாளிகள் அவை. மைன்ஸில் ஒரு மாதம் என்னைக் 'குவளை மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

என் மேலதிகாரி சண்முகசுந்தரம் சார் அம்பாசமுத்திரத்துக்காரர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. மேசை இழுப்பறையில் எப்போதும் காடாம்புலியூர் முந்திரி இருக்கும். ஒரு பருப்பை இரண்டாக உடைத்துப் பாதியை எனக்கு நீட்டினார் என்றால் என் மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது என்று அர்த்தம். முழுப் பருப்பாகக் கொடுத்தால் சரியாக இருக்கிறது. எத்தனையோ வருஷம் நான் பாதிப் பருப்பே தின்றேன்.

சொற்களைக் குறித்துவைக்கும் சீட்டுகளுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். உறுதியாகத் தெரிந்த சொல்லுக்கு வெள்ளைச் சீட்டு. சந்தேகமுள்ள சொல்லுக்கு மஞ்சள். அதில் சொல்லையும், அது வந்த வாக்கியத்தையும், நான் பார்த்த அகராதிகளையும், யாரைக் கேட்டேன் என்பதையும் எழுத வேண்டும். தவறு நடந்துவிட்டால் ரோஸ் சீட்டு. ரோஸ் சீட்டைத் தபாலில் அனுப்பக் கூடாது, பியூனிடம் கொடுக்கக் கூடாது. தவறான பிரதி எந்தெந்த மேசைக்குப் போயிற்றோ அந்தந்த மேசைக்கு மொழிபெயர்த்தவரே நடந்துபோய், கையில் கொடுத்து, படிக்கும்வரை நின்று, கையெழுத்து வாங்கி வர வேண்டும். "நடந்தாத்தான்மா புத்தியில ஏறும்" என்பார். மஞ்சள் சீட்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இது யார் வீட்டுப் பிள்ளை?" சொல் எந்த வீட்டில் பிறந்தது, எந்த வீட்டில் வளர்ந்தது, இப்போது யார் வீட்டில் குடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் பொருள் சொல்வது, ஜாதகம் பார்க்காமல் பெண் கொடுப்பது மாதிரி என்பது அவர் கட்சி.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற ஏழெட்டு வருஷம் இருந்தபோது நடந்தது. பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் நியூ கலிடோனியா தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே நிக்கல் வெட்டும் ஒரு கம்பெனியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். வெட்டியெடுத்த மண் மேடுகள்மேல் நாம் காடு வளர்த்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் பிரெஞ்சு என்ஜினீயர்கள். மூன்றாவது ஆள் ஃபிர்மேன் என்ற அந்தத் தீவின் பூர்வகுடிக்காரர், சுரங்கத்தில் ஃபோர்மேன். ஃபிர்மேனைப் பற்றித் தனியாக ஒரு வரி இருந்தது. 'தாபூ' இடங்களை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள் என்று அவர் பார்க்க விரும்புகிறார்.

'தாபூ' பிரெஞ்சில் சாதாரணச் சொல். விலக்கப்பட்டது, பேசக் கூடாதது. மஞ்சள் சீட்டு எழுதக்கூட எனக்குத் தோன்றவில்லை. தினமும் பஸ்ஸில் போகும்போது மைன்ஸ் கேட்டில் பார்க்கும் போர்டு கண்முன் வந்தது. "தடைசெய்யப்பட்ட பகுதிகளைப் பார்க்க விரும்புகிறார்" என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து என் மேசைமுன் நின்றார்கள். "யாரும்மா இந்த ஃபிர்மேன்? வெடிமருந்துக் கிடங்கை இவரு எதுக்குப் பாக்கணும்ங்கறாரு?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வருகிறவர்கள் பட்டியலில் ஃபிர்மேன் பெயர்மேல் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. மற்ற இரண்டு பேர் வரலாம், அவர் வரக் கூடாது.

சண்முகசுந்தரம் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு முந்திரியை எடுத்தார், உடைத்தார், பாதியைத் தந்தார். "யார் வீட்டுப் பிள்ளை இது?"

"பிரெஞ்சு சார்."

"பிரெஞ்சு வீட்டுல குடியிருக்குது. பொறந்தது எங்கன்னு பாத்தியளா?"

பார்க்கவில்லை. அன்றே புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். நூலகத்தில் தடித் தடியாக இருந்த சொற்பிறப்பு அகராதிகளை இறக்கிப் படித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. கூடவே பழகிய ஒருவர் தத்துப்பிள்ளை என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்த மாதிரி. அது பிரெஞ்சுச் சொல்லே இல்லை. பசிபிக்கில் டோங்கா என்ற தீவில் 'தபு' என்றார்கள். கப்பலில் வந்த ஆங்கிலேயர்கள் காதில் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்திடமிருந்து பிரெஞ்சு வாங்கிக்கொண்டது. ஹவாயில் அதுவே 'கபு'. ஃபிஜியில் 'தம்பு'. பாப்புவாப் பக்கம் 'தம்பு' என்றால் சம்பந்தி, மைத்துனன், மாமியார். பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாத உறவுகள். இன்னோர் இடத்தில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துவைக்கும் சிப்பிச் சரத்துக்கே அந்தப் பேர். தீவுகளில் அதன் முதற்பொருள் தடை அல்ல. இது தெய்வத்துக்கு உரியது, ஆகவே கைவைக்காதே என்பது பொருள். ஐரோப்பாவுக்குப் போனபோது 'கைவைக்காதே' மட்டும் கப்பலேறியது. தெய்வம் கரையிலேயே நின்றுவிட்டது.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தபுவா! அப்ப நம்ம 'தப்பு'தான் கப்பலேறிப் போயிருக்கு!" என்று சொல்லிவிட்டு அவரே கையை ஆட்டினார். "சும்மா சொன்னேன். சத்தம் ஒத்துப்போனா சொந்தமாயிடுமா? போங்க, ரோஸ் சீட்டு எழுதுங்க."

ஏழு மேசை. மே மாதம். ஒவ்வொரு மேசையிலும் நின்று "தடைசெய்யப்பட்ட பகுதி என்பது என் பிழை, சாமி இருக்கும் இடம் என்று படிக்கவும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். ஆறு பேர் சிரித்தார்கள். பாதுகாப்புப் பிரிவு அதிகாரி மட்டும் சிரிக்காமல் இரண்டு தடவை படித்துவிட்டு, "சாமின்னா அதுக்கு பாஸ் வேண்டாம்மா" என்று ஃபிர்மேன் பெயரை மறுபடி எழுதிச் சேர்த்தார்.

ஃபிர்மேன் வந்து இறங்கினார். கறுத்த, அகன்ற மனிதர், நரைத்த சுருட்டை முடி, கழுத்தில் சிலுவை. என் கழுத்திலும் பார்த்துவிட்டு அடையாளம் கண்டுகொண்டவர்போல் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் மண் மேட்டுக் காட்டில் மரம் எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஊருக்குப் பின்னால் ஒரு மலை. உள்ளே நிக்கல். உச்சியில் அவர்களுடைய முன்னோர்கள். கம்பெனி அந்த மலையைக் கேட்கிறது. ஊர்ச் சபை இவரைத்தான் அனுப்பியிருக்கிறது: இதேபோல் ஊரையும் சாமியையும் நகர்த்திய ஓர் இடத்துக்குப் போய்ப் பார்த்து வா, நீ சொல்வதை வைத்து மலையைக் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வோம்.

"தாபூங்கிறது எங்க சொல்கூட இல்லை. எங்க பாஷையில் வேற வார்த்தை இருக்கு. அதை வெளியாளிடம் சொல்ல மாட்டோம். இது வெள்ளைக்காரன் வேற தீவிலிருந்து கொண்டுவந்து எங்களுக்குப் போட்டுவிட்ட சட்டை. போட்டுப் போட்டு உடம்புக்குப் பழகிவிட்டது" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போவாராம், மலைக்கும் பயப்படுவாராம். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

சண்முகசுந்தரம் சார் எனக்கு ஒரு ஜீப்பும் ஒரு பெயரும் கொடுத்தார். கலியபெருமாள். கன்வேயரில் பெர்மனென்ட் ஆள், ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. மைன்ஸுக்காக ஊரையே காலி செய்தபோது முனியப்பர் கோயிலுக்குப் பூசாரியாக இருந்த குடும்பம். ஊர் இப்போது மந்தாரக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் புதுக் காலனியாக இருக்கிறது, முனியப்பரும் அங்கேதான்.

நாங்கள் போனபோது பிற்பகல் மூன்று மணி. கலியபெருமாள் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துத் திருநீறு பூசிக் காத்திருந்தார். மனைவி அஞ்சலை மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். வேப்பமரத்தடியில் மூன்று கல், ஒரு அரிவாள், மஞ்சள் துணி. அவ்வளவுதான் முனியப்பர்.

முதலில் பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பாப்புவாப் பக்கம் சம்பந்தியைத் 'தம்பு' என்பார்கள் என்று ஃபிர்மேன் சொன்னதை நான் சொன்னபோது கலியபெருமாள் தொடையில் தட்டிச் சிரித்தார். "நமக்குத் தம்பின்னா கூடப் பொறந்தவன். அங்க சம்பந்தியா! அப்ப பங்காளிச் சண்டயும் சம்பந்திச் சண்டயும் ஒரே சண்டயா முடிஞ்சிரும்ங்க."

பிறகு ஃபிர்மேன் செருப்பைக் கழற்றினார். கல்லுக்கு நேராகப் போய் நின்று, கையை நீட்டி, ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அவர் உச்சரிப்பில் அது பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற மாதிரி இல்லை, தீவுக்காரர்கள் சொல்கிற மாதிரி, அழுத்தி, "தப்பூ?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கலியபெருமாளின் முகம் வெளுத்துவிட்டது.

"தப்புதாங்க," என்றார். "தப்புதான். இவருக்கு எப்பிடிம்மா தெரிஞ்சிது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கல்லைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். நிறுத்த முடியவில்லை.

"ஊரு கெளம்பும்போது சாமி வருதா, இல்லியான்னு பூ கட்டிக் கேட்டம்ங்க. ஒரு பொட்டலத்துல வெள்ள, ஒண்ணுல செவப்பு. வெள்ள வந்தா வரேங்குது, செவப்பு வந்தா மாட்டேங்குது. மொத நாளு செவப்பு. ரெண்டாம் நாளும் செவப்பு. சனமெல்லாம் மூட்டய கட்டிகினு நிக்கிது. சாமி வரலன்னா ஒருத்தரும் கெளம்ப மாட்டேன்னுட்டாங்க. கெளம்பலன்னா வேலயும் இல்ல, வூடும் இல்ல. நான் என்னாதான் செய்யிறது? மூணாம் நாளு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவயே வச்சிக் கட்டிட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிக்கே தெரியாது. யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன்."

ஃபிர்மேன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்? அவர்களுடைய தெய்வம் வரச் சம்மதித்ததா?"

நிவேதா, உன் போன் இந்த இடத்தில் ஒரு நொடிகூடத் தயங்கியிருக்காது. நான் தயங்கினேன். கேட்டதை விடாதே, கேட்காததைச் சேர்க்காதே என்பது நான் சோறு தின்ற தொழிலின் சட்டம். ஆனால் ஒரு மனிதர் இருபது வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை என் கையில் வைத்துவிட்டு, வெளியே விடாதே என்கிறார். "ஆமாம், மூன்றாம் நாள் சம்மதித்தது" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சுகம். ஆனால் அந்த வரியை எடுத்துக்கொண்டு ஃபிர்மேன் கடல் தாண்டிப் போவார். 'அங்கே தெய்வம் சம்மதித்தது' என்று சபையில் சொல்வார். அந்தச் சொல்லை நம்பி ஒரு மலை போய்விடும். எங்கள் மாதாவைக்கூட ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

கடைசியில் பிரெஞ்சில் சொன்னேன். "இவர் என்னிடம் ஒன்று சொன்னார். அது தாபூ."

ஃபிர்மேன் கல்லைப் பார்த்தார், கலியபெருமாளைப் பார்த்தார். பிறகு, "நான் ஒரு கேள்வி கேட்கலாமா? எப்படிக் கேட்டார்கள்? அந்த முறை தாபூ இல்லையே?" என்றார். இல்லை. அது ஊரறிந்த வழக்கம்தான். இரண்டு பூ, இரண்டு பொட்டலம் என்று சொன்னேன்.

"பொட்டலம் கட்டியது யார் என்று கேளுங்கள்."

கேட்டேன். கலியபெருமாள் நினைத்திருந்தால், "யாரோ ஊர்ப் பெரியவர்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வலது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஃபிர்மேன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மீதி மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அறிக்கை எழுதும்போது அந்தப் பிற்பகலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். விஷயத்தைச் சொல்லவில்லை, விஷயம் ஒன்று இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். அவர் முழு முந்திரியாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். இரண்டாவதும் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து ஃபிர்மேனிடமிருந்து கடிதம் வந்தது. அலுவலக முகவரிக்கு வந்தாலும் உள்ளே கலியபெருமாளுக்கு என்று போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். கலியபெருமாள் முனியப்பருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அஞ்சலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடிதத்தைத் தமிழில் வாசித்தேன்.

'ஐயா, எங்களிடம் பூ கட்டும் வழக்கம் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் ஒன்று கற்றுக்கொண்டேன். கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் நான். மலை போனால் எனக்குப் பதவி உயரும். ஆகவே சபையில் எழுந்து, நான் பார்த்தது இது, இனி நீங்கள் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான்கு நாள் பேசினார்கள். அடிவாரத்தை வெட்டிக்கொள்ளலாம், உச்சி தாபூ என்று முடிவாயிற்று. கம்பெனியும் ஒப்புக்கொண்டது. எனக்குப் பதவி உயரவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். பொட்டலத்தை நான் கட்டவில்லை என்று உங்களிடம் சொல்லத்தான் எழுதினேன்.'

கலியபெருமாள் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்தும் அவருக்குப் படிக்கத் தெரியாது. பிறகு எழுந்துபோய் வேலியோரத்திலிருந்து ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்து, இரண்டு பூவரச இலையோடு என் கையில் கொடுத்தார்.

"நீங்க கட்டுங்கம்மா. நான் அந்தாண்ட திரும்பிகிறேன்."

"நான் வேதக்காரியாச்சே ஐயா?"

"அதனாலதாங்க குடுக்கிறேன். உங்களுக்கு இதுல லாபமும் இல்ல, நட்டமும் இல்ல."

அவர் முதுகைக் காட்டி நின்றார். கட்டினேன். குலுக்கி, கல்லின் முன்னால் வைத்தேன். "அஞ்சல, நீ எடு" என்றார். எதற்கு, ஏன் என்று ஒன்றும் கேட்காமல் அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

கலியபெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அஞ்சலை அடுத்த பொட்டலத்தையும் பிரித்து, சிவப்பு இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, கீரைக்குத் திரும்பினார்.

"இப்பவாவது ஒழுங்கா கட்டச் சொன்னியே," என்றார்.

கலியபெருமாள் தலையைத் தூக்கினார். "என்னாடி சொல்ற?"

"அந்த ஊருல நந்தியாவட்டச் செடி நம்ம வூட்டுல மட்டுந்தான இருந்துச்சி. அன்னைக்குக் காலைல அதுல ரெண்டு பூவ காணல. அரளில ஒண்ணுகூடக் கொறையல. எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்ப இத்தினி வருசமா ஏன்டி வாயத் தொறக்கல?"

அஞ்சலை ஒரு கொத்துக் கீரையை உதறினார்.

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."